போகியன்று வந்து சேர்ந்த கடிதம்

வின்னிபெக்,
19-1-2025

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் அவரும் பாப்பாவும் நலம். அவ்விடம் அம்மா, அண்ணி, பிள்ளைகள், கோடி வீட்டு அத்தை எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

நீங்கள் ஐப்பசியில் எழுதிய கடிதம் போகியன்றுதான் என் கைக்கு வந்தது. இந்நாட்டுத் தபால் ஊழியர்கள் நவம்பர் 15 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததில் எல்லாத் தபாலும் தேங்கிப் போயிற்று. நான் உங்களுக்குக் கடிதம் எழுதி எட்டு மாதம் ஆகிவிட்டது என்பதற்கு அந்த வேலைநிறுத்தம் காரணம் ஆகாது; அது முழுக்க என் குற்றம், மன்னிக்க வேண்டும். வாரந்தோறும் போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் அம்மா பக்கத்தில் இருக்கும்போது பேச முடியாதவற்றை நீங்கள் தாளில் எழுதி அனுப்பியிருப்பதைப் பார்த்த பிறகுதான், கடிதத்தின் அருமை எனக்கு உறைத்தது. இந்த முதல் இரண்டு தாள்களை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். மூன்றாவது தாள் உங்களுக்கும் அண்ணிக்கும் மட்டும்.

கடிதத்தின் ஓரத்தில், 'பரணில் கிடக்கும் கஜா புயல் போர்வை கிழிந்துவிட்டது, வரும் போகிக்கு எரித்துவிடலாம் என்று உன் அண்ணி சொல்கிறாள்' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இங்கே நான் அதைப் படித்தபோது அங்கே போகி முடிந்து பொங்கல் விடிந்துகொண்டிருந்தது. மறுநாள் போனில் கேட்க வாய் வரவில்லை. அண்ணி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கிழிந்த போர்வையை யார் வீட்டில்தான் வைத்திருப்பார்கள்? ஆனால் அந்தப் போர்வையைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்திருப்பது அப்போது தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வின்னிபெக்கில் எங்களுக்கு இது நான்காவது குளிர்காலம். இரவில் மைனஸ் 30 வரை இறங்கும். காற்றும் சேர்ந்துகொண்டால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறைந்துவிடும் என்று வானிலை அறிக்கையிலேயே எச்சரிக்கிறார்கள். கார்களைக்கூட, என்ஜின் சூடு ஆறாமல் இருக்க, இரவில் மின்சாரத்தில் செருகி வைக்காவிட்டால் காலையில் கிளப்புவது கடினம். ஊருக்கு நடுவே ரெட், அசினிபோயின் என்ற இரண்டு ஆறுகள் கூடுகின்றன. அந்தக் கூடுதுறையில் தண்ணீர் பாளம் பாளமாக உறைந்து, அதன் மேல் மக்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். தலைஞாயிற்றுக் கடைமடையில் பிறந்து, அடப்பாற்றில் தண்ணீர் வந்ததா வந்ததா என்று கரையில் நின்று பார்த்தே வளர்ந்த எனக்கு, ஆறு நிறையத் தண்ணீர் இருந்தும் ஓடாமல் நிற்பதைப் பார்க்க இன்னும் மனம் பழகவில்லை.

இந்தக் குளிரிலும் வீடில்லாமல் இருப்பவர்கள் இந்த ஊரில் உண்டு. 2022-இல் எடுத்த கணக்கெடுப்பிலேயே குறைந்தது 1,256 பேர் என்று கண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் பூர்வகுடிகள். அவர்களுடைய பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து, சொந்த மொழியைப் பேசினால் தண்டித்து, பல தலைமுறைகளைக் குலைத்திருக்கிறார்கள்; அவற்றில் கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களில்தான். சொந்த மண்ணிலேயே தெருவில் படுத்திருப்பவர்களைக் கடந்து, வந்தேறியான நான் வெதுவெதுப்பான பேருந்தில் வேலைக்குப் போகிறேன். முதல் வருடம் எனக்கு இது தெரியவில்லை. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அவர்களுக்குக் குல்லாயும் கையுறையும் பின்னிக் கொடுக்க எனக்கு வழி காட்டியவர் மேல் மாடியில் இருக்கும் பாட்டியம்மா. இவருடைய தாத்தா காலத்தில் உக்ரைனிலிருந்து வந்த குடும்பம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வியாழக்கிழமை மாலை சரியாக ஏழு மணிக்குத் தம்முடைய நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். எங்கள் நாற்காலியில் உட்கார மாட்டார், கைப்பிடி இருந்தால் முழங்கை இடித்துப் பின்னல் கெடுமாம். ஒன்பது மணிக்கு எழுந்து போய்விடுவார். நடுவில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஒருமுறை சுண்டைக்காய் வற்றல் குழம்பைச் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். முழுதும் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வியாழன் ஒரு பாத்திரம் நிறைய பீட்ரூட் சூப் கொண்டுவந்து வைத்தார். அன்று முதல் வாராவாரம் இந்தப் பண்டமாற்று நடக்கிறது.

அம்மா, பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் குரோஷா ஊசியால் டிவிக்கு விரிப்புப் பின்னினேனே, நினைவிருக்கிறதா? அந்த வித்தைதான் இப்போது கை கொடுத்தது. அதைவிட அதிகம் கை கொடுத்தது கருப்பம்புலத்துச் சித்தி வீட்டில் விடியற்காலையில் முல்லை தொடுத்த பழக்கம். மொட்டு நசுங்கக் கூடாது, முடிச்சும் நழுவக் கூடாது என்று சித்தி சொல்லிச் சொல்லித் தந்த அந்த இறுக்கம்தான் நூலுக்கும் வேண்டியிருக்கிறது. பாட்டியம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "இதற்கு முன் என்ன பின்னியிருக்கிறாய்?" என்று கேட்டார். "பூ" என்றேன். அவருக்குப் புரியவில்லை, அடுத்த முறை போட்டோ காட்டினேன்.

நான் முதலில் பின்னியது வெள்ளை நூலில் சங்குச் சங்காகத் துளை வைத்த ஒரு சால்வை. மூன்று வாரம் கண் விழித்துப் பின்னினேன். பாட்டியம்மா அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, துளை வழியாக என்னைப் பார்த்துவிட்டு, மடித்து என் மடியிலேயே வைத்துவிட்டார். தெருவில் இருப்பவருக்குத் துளை வழியாகக் காற்றுத்தான் போகும். வெள்ளை இரண்டு நாளில் அழுக்காகித் தெரியும். அழுக்குத் தெரிந்தால் கடைக்குள்ளும் நூலகத்துக்குள்ளும் நுழையவே அவர்கள் கூசுவார்கள். ஆகவே கறுப்பு, பழுப்பு, கருநீலம். மப்ளர் நீளமாகத் தொங்கினால் எதிலாவது மாட்டி இழுக்கும், சண்டை வந்தால் அதுவே கழுத்தை நெரிக்கும். ஆகவே தலை வழியாகப் போட்டுக்கொள்ளும் வளையமாகப் பின்ன வேண்டும். பருத்தி நூல் கூடவே கூடாது. நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நூல் ஈரத்திலும் சூடு காக்கும், ஆனால் சுடுநீரில் துவைத்தால் சுருங்கிக் கட்டை போல ஆகிவிடும். தங்குமிடங்களில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இயந்திரத்தில்தான் துவைக்கிறார்கள் என்பதால், அங்கே கொடுப்பதை அக்ரிலிக் நூலில் பின்னுகிறோம். கூடாரத்தில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்பவர்களுக்கு அக்ரிலிக் ஆபத்து, பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், அவர்களுக்குக் கம்பளிதான். தானம் என்று எதையாவது கொடுத்தால் போதும் என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு குல்லாய்க்கு 5 மில்லிமீட்டர் ஊசியில் 80 கண்ணி எடுக்கிறேன். இரண்டு கண்ணி நேராகவும் இரண்டு கண்ணி மறித்தும் பின்னிக்கொண்டே போனால், எந்தத் தலைக்கும் விரிந்து கொடுக்கும். விளிம்பை மடித்தால் காதுக்கு இரட்டைத் துணி. கடைசியில் நூலை ஒட்ட வெட்டக் கூடாது. ஒரு சாண் விட்டு, மழுங்கிய ஊசியில் கோத்து, உள்பக்கமாக முன்னும் பின்னும் ஓட்டி மறைக்க வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டியதைப் பாட்டியம்மா கண்டுபிடித்து, ஒன்றும் சொல்லாமல் நுனியைப் பிடித்து இழுத்தார். மூன்று மாலை வேலை என் கண் முன்னே சுருள் சுருளாக அவிழ்ந்தது. "உன் மகள் போட்டுக்கொள்வதாக இருந்தால் இப்படி வெட்டியிருப்பாயா?" என்றார். அன்று இரவே மறுபடியும் 80 கண்ணி எடுத்தேன்.

நூலுக்குச் செலவு அதிகம் இல்லை, அண்ணா, கவலைப்படாதீர்கள். பழைய துணிக் கடையில் நல்ல கம்பளி ஸ்வெட்டர் மலிவாகக் கிடைக்கும். தையலைப் பிரித்து, நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, வெதுவெதுப்பான நீரில் அலசி, கீழே ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டால் சுருக்கம் நீங்கிவிடும். ஒரு பெரிய ஸ்வெட்டரில் நாலைந்து குல்லாய் தேறும். பாப்பாவின் அப்பாதான் பகலில் உட்கார்ந்து பொறுமையாகப் பிரித்துக் கொடுக்கிறார். இப்போது அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, ஓய்வு நன்றாகக் கிடைக்கிறது. போன மாதம் வீட்டையும் சிறியதாக மாற்றிக்கொண்டோம். சிறிய வீடு சீக்கிரம் சூடாகிறது, பெருக்கவும் எளிது.

பின்னியவற்றை மாதக் கடைசியில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கும் பகல்நேரத் தங்குமிடத்தில் கொடுக்கிறோம். மார்கழியில் போனபோது, ஐந்து விரலும் தனித்தனியாக வைத்துப் பின்னிய ஒரு ஜோடிக் கையுறையைப் பெருமையோடு எடுத்துப் போயிருந்தேன். விரல் வைத்துப் பின்னுவது கடினமான வேலை. வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம் நீட்டினேன். அவர் வலக்கையை விரித்துக் காட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் நடுக்கணுவோடு நின்றிருந்தன; முன்னொரு குளிரில் உறைந்து போனதாம். கையுறையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பத்து விரலும் உள்ளவருக்குக் கொடு அம்மா, வீணாக வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு நான் விரல் பிரித்துப் பின்னுவதில்லை. விரல்கள் எல்லாம் ஒன்றாக ஒரே பையில் இருந்தால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்குப் போகும் என்று பாட்டியம்மா முதலிலேயே சொன்னார். நான்தான் என் வேலைத்திறனைக் காட்டும் ஆசையில் கேட்கவில்லை.

அந்தப் பெரியவருக்கான கையுறையைப் பின்னும்போதுதான் கஜா போர்வை நினைவுக்கு வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் ஓடு பறந்து, தென்னை எல்லாம் சாய்ந்து, பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஒன்பது இரவு படுத்திருந்தோம். பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. லாரியில் வந்த மூட்டையிலிருந்து அம்மாவின் கையில் கிடைத்தது அந்தப் போர்வை. பழுப்பும் கடுகு மஞ்சளும் கறுப்புமாகச் சதுரம் சதுரமாகக் குரோஷாவில் பின்னி இணைத்தது. அதை நாங்கள் கடைப் போர்வை போலவே போர்த்திக்கொண்டோம். இப்போது என் கைக்குத் தெரியும், அதில் ஒரு சதுரத்துக்கே ஒரு மாலை போயிருக்கும். நூற்றுக்கும் மேல் சதுரங்கள் இருந்ததாக நினைவு. நம் முகத்தைப் பார்க்காத யாரோ, எந்த ஊரிலோ, நூறு மாலைகள் உட்கார்ந்து பின்னி, நூல் நுனியை எல்லாம் உள்பக்கம் ஓட்டி மறைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வருடத்தில் ஒரு முடிச்சும் அவிழவில்லையே, அம்மா. கிழிந்தது என்று அண்ணி சொன்னது சதுரங்களை இணைத்த தையலாகத்தான் இருக்கும், அதைத் தைத்துவிடலாம்.

அந்த வகுப்பறையின் ஈர வாடையும், வெளியே சாய்ந்த தென்னையின் பச்சை வாடையும், நாம் எல்லோரும் ஒரே போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடந்ததும் நினைவுக்கு வந்து, அன்று இரவு பின்னலைக் கீழே வைத்துவிட்டேன். ஊரே இருட்டாக இருந்த அந்த ஒன்பது இரவுகளில்கூட நான் தனியாக இல்லை, அண்ணா. இதை அம்மாவுக்குப் படிக்கும்போது விட்டுவிடுங்கள்.

மூன்றாவது தாள்:

ஆற்றங்கரை ஆறு மா நிலத்தைச் சித்தப்பா இறால் பண்ணைக்கு விற்கச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். என் சம்மதம் வேண்டும் என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். உப்புநீரைக் கட்டி நிறுத்தினால் பக்கத்து வயல்காரர்களின் மண்ணும் சேர்ந்து கெடும். அவர்கள்தான் கஜாவின்போது நம் வைக்கோற்போரைத் தூக்கி நிறுத்தினார்கள். போன வருடம் மேட்டூர் அணையை ஜூலை 28-இல்தான் திறந்தார்கள், நம் கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இருந்தாலும் நிலம் நிலமாகவே இருக்கட்டும். பத்திர நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பவர் எழுத வேண்டுமானால் டொராண்டோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அனுப்பி அத்தாட்சி வாங்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

அம்மாவின் கண்புரை அறுவைக்கு என் பங்கை மாசி பிறந்ததும் அனுப்புகிறேன். தையிலேயே அனுப்ப நினைத்தேன், சிறிது தள்ளிப்போகிறது. அதற்காக அண்ணியின் நகையை அடகு வைக்க வேண்டாம். தங்கைக்குப் பார்த்திருக்கும் திருத்துறைப்பூண்டி வரன் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பையன் குவைத்துக்குத் திரும்பிப் போகிறவர் என்றால், அவளையும் அழைத்துப் போவாரா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் திதிக்கு வாழைக்காயும் எள்ளும் தவறாமல் நம் கொல்லையிலிருந்தே எடுங்கள். சம்பா அறுப்பு எப்போது? கஜாவுக்குப் பிறகு வைத்த தென்னம்பிள்ளைகள் பாளை விட்டனவா?

போர்வை எரியாமல் இருந்தால், அண்ணியிடம் சொல்லி, குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் கட்டிலின் மேல் நிழலில் விரித்துக் காயவைத்து, வேப்பிலை போட்டு மடித்து வைக்கச் சொல்லுங்கள். சித்திரையில் பெரியப்பா மகன் வரும்போது கொடுத்தனுப்புங்கள், தையலைப் பிரித்து நான் இணைத்துத் தருகிறேன். எரிந்திருந்தால் அதை அம்மாவிடம் கேட்க வேண்டாம். எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை