நாற்பதாயிரம் ரூபாய் வாட்ச் யார் கைக்கு?

கோவில்பட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தீபாவளித் தள்ளுபடி முடிவதற்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தாய். அப்பாவுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் விலையுள்ள ஸ்மார்ட் வாட்ச், உனக்கும் அதே போல ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து மாதத் தவணை என்பது உன் திட்டம். அப்பாவுக்கு வேண்டாம். உனக்கு அந்த விலையில் வேண்டாம். ஆனால் அந்த வாட்ச் நிஜமாகவே தேவைப்படுகிற கை ஒன்று நம் குடும்பத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நர்ஸ் வேலையில் இருந்த காலமெல்லாம் நொடி முள் உள்ள கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணியவள் நான். அதனால் இந்த வாட்ச் எப்படி எண்ணுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை இருந்தது. அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அதுதான் கருவியின் கண். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. ரத்தம் வடியும்போது ஒளி கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் ஒழுங்காகச் சொல்லும். கை ஆடினாலோ பட்டை தளர்ந்திருந்தாலோ தடுமாறும்.

2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். துடிப்பை எண்ணுவதில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதப் பிழைக்குள் தேறிவிட்டன. எரித்த கலோரியைச் சொல்வதில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்ல கருவி 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். தோல் கருத்தவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் பிழை கூடுதலாக வந்தது என்றும் எழுதியிருந்தார்கள். அப்பாவின் நிறத்தையும் உன் தொப்பையையும் மனதில் வைத்துக்கொண்டு இந்த வரியை இன்னொரு முறை படி.

அதற்காக மலிவு விலைச் சரக்கையெல்லாம் நான் நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. எதிர்வீட்டுப் பையன் ஒன்று வாங்கி வந்தான். நாடித்துடிப்பு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம் எல்லாம் காட்டும் என்று அவனுக்கு ஒரே பெருமை. நான் சும்மா இருப்பேனா? அடுப்படியிலிருந்து ஒரு வாழைக்காயை எடுத்து வந்து அதன்மேல் கட்டினேன். வாழைக்காய்க்கு நிமிடத்துக்கு எண்பது சொச்சம் துடிப்பு! ஒளி எதிலாவது பட்டுத் திரும்பினால் போதும், அதிலிருந்து ஓர் எண்ணைத் தேற்றி எடுத்துவிடுகிறது. ரத்த அழுத்தமோ, யார் கையில் கட்டினாலும் 120-க்கும் 80-க்கும் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு பி.பி. ஏறியிருந்த அன்றும் அதே கதைதான்.

இப்போது அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு இருப்பது சர்க்கரையும் ரத்த அழுத்தமும். இரண்டில் எதற்கு இந்த வாட்ச் உதவும்? தோலைக் குத்தாமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்சுகளையும் மோதிரங்களையும் நம்பி வாங்காதீர்கள் என்று 2024 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. எச்சரித்தது; மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு அது. அப்படி ஒன்றுக்குக்கூட அவர்கள் அதுவரை அனுமதி தந்திருக்கவில்லை. தவறான எண்ணைப் பார்த்து ஒருவர் இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை வார்டில் பார்த்தவள் நான். உனக்கு விளக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்தத்துக்கு வந்தால், சாம்சங் வாட்சில் அந்த வசதி உண்டு. ஆனால் 28 நாளுக்கு ஒருமுறை, கையில் காற்றுப் பட்டை கட்டும் சாதாரண பி.பி. கருவியால் அளந்து வாட்சுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தக் கருவி எப்படியும் வீட்டில் இருந்தாக வேண்டும் என்றால், அதையே நேரடியாகப் பயன்படுத்திவிட்டுப் போகலாமே. இரண்டாயிரம் ரூபாய்க்கு நல்லதாகக் கிடைக்கிறது.

போதாததற்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம் தெருவுக்கு ஒரு பெண் வருகிறாள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியபோது, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இவள் உட்கார்ந்து பி.பி. பார்க்கிறாள், மாத்திரை தீர்ந்ததா என்று பட்டையை வாங்கி எண்ணுகிறாள், ஊறுகாயைக் குறைத்தீர்களா என்று அப்பாவை மிரட்டுகிறாள். நாற்பதாயிரம் ரூபாய் வாட்ச் ஊறுகாயைக் கண்டுபிடிக்காது.

அப்பாவின் நடையைப் பற்றியும் சொல்கிறேன். அவர் எப்படி நடப்பார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு நடப்பார். மணிக்கட்டில் கட்டும் கருவி கை வீசுவதைக் கொண்டுதான் அடியைப் பெரும்பாலும் அறிகிறது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற இந்த மனிதர் மைதானத்தை எத்தனை சுற்றுச் சுற்றி வந்தாலும் வாட்ச் முழுதாக ஒப்புக்கொள்ளப் போவதில்லை. நான் அம்மியில் துவையல் அரைத்தால் எனக்கு அடிகளை வாரி வழங்கும். இதில் யார் ஆரோக்கியசாலி என்று பெங்களூரில் இருந்து நீ தீர்ப்புச் சொல்வாய்.

தினமும் பத்தாயிரம் அடி நடந்தாக வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவருக்கு வேறு கவலை. அந்த எண் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, 1965-ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடக்கும் அடியை எண்ணும் ஒரு கருவியின் பெயரில் இருந்து பரவியது. அந்தப் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மானி' என்றுதான் பொருள். எந்த மருத்துவரும் ஆராய்ந்து கண்ட அளவு அல்ல. 2019-ல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிவரை அந்த நன்மை கூடிக்கொண்டே போனது. அதற்குமேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் ரயில் நிலையம்வரை போய் வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் கிளம்பிவிட்டார்.

தூக்கத்தைக் கணக்கெடுக்கும் என்று நீ சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆழ்ந்த தூக்கம் எது, கனவுத் தூக்கம் எது என்று முறையாகப் பிரித்தறியத் தலையில் கம்பிகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிய வேண்டும். கை அசைவையும் துடிப்பையும் கொண்டு வாட்ச் சொல்வது ஓர் ஊகம். அந்தக் கணக்கைப் பார்த்துக் கவலைப்பட்டே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி 2017-ல் அமெரிக்காவில் மருத்துவக் கட்டுரையே வந்தது. உன் அப்பா மின் கட்டண அட்டையையே நான்கு முறை கூட்டிப் பார்க்கிறவர். தூக்க மதிப்பெண் 61 என்று காலையில் பார்த்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி இராது.

ஒன்றை நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவின் எண்களை உன் போனில் பார்க்கலாம் என்பதுதான் உன் உள்ளாசை. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அது இருக்கும், தப்பில்லை. ஆனால் அலுவலகக் கூட்டத்தில் நீ இருக்கும்போது அப்பாவின் துடிப்பு 110 என்று வருகிறது என்று வைத்துக்கொள். நீ என்ன செய்வாய்? பதறிப்போய் எனக்குப் போன் செய்வாய். மாடியில் வடகத்தை எடுத்துவிட்டு இப்போதுதான் இறங்கினார் என்று நான் சொல்வேன். வார்டில் எங்கள் மூத்த சிஸ்டர் புதிதாக வரும் பெண்களிடம் கேட்பார்: இந்த அளவைக் குறித்தாயே, கூடினால் என்ன செய்வாய், குறைந்தால் என்ன செய்வாய்? பதில் தெரியாவிட்டால் மறுபடி கற்றுக்கொண்டு வரச் சொல்வார். அப்பாவின் துடிப்புக்கு உன்னிடம் அந்தப் பதில் இல்லை. அவருடைய சர்க்கரைக்கும் பி.பி.க்கும் டாக்டரிடம் இருக்கிறது. அதனால் அந்த இரண்டை அளப்போம்.

உன் கதை வேறு. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறாய், சாப்பாடு வாசலுக்கே வருகிறது. உன்னை எழுப்பி நடக்க வைக்க ஏதாவது வேண்டும்தான். 2022-ல் லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட கருவி அணிந்தவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 1,800 அடி கூடுதலாக நடந்தார்கள். எடை ஒரு கிலோ அளவில் குறைந்தது. பரவாயில்லை, பலன் இருக்கிறது. ஆனால் அந்தப் பலன் அடியை எண்ணுவதால் வருகிறது. அதற்கு மணிக்கட்டில் கட்டும் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் பட்டை போதும். மிச்சப் பணம் திரைக்கும் பெயருக்கும் போகிறது. எடையைக் குறைக்கத்தான் வாட்ச் என்றால், 2016-ல் பிட்ஸ்பர்க்கில் நடந்த சோதனையையும் தெரிந்துகொள். உன் வயதுக்காரர்கள் நானூற்று எழுபது பேர், இரண்டு வருடம். எல்லாருக்கும் உணவு ஆலோசனை உண்டு. பாதிப் பேருக்குக் கருவியும் உண்டு. கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்தார்கள். கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோ. காரணம் எனக்குப் பிடிபடுகிறது. 500 கலோரி எரித்துவிட்டாய் என்று கை சொன்னால், வாய் பிரியாணி கேட்கும். அந்த 500-ஏ தப்பு என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதே. சில நிறுவனங்கள் கருவியை விற்றுவிட்டு, முழு விவரமும் பார்க்க மாதச் சந்தா கேட்கின்றன. ஜாபோன் என்ற நிறுவனம் ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தது, 2017-ல் மூடிவிட்டார்கள். வாங்கியவர்கள் கையில் இருந்தது வெறும் ரப்பர் வளையம். கொஞ்ச வருடத்தில் பேட்டரியும் தளர்ந்துவிடும். தவணை அதற்கு முன்பே முடிய வேண்டும் என்று பார்த்துக்கொள்.

வாட்ச் நிஜமாகவே தேவைப்படுகிற கை ஒன்று இருக்கிறது என்று முதலில் சொன்னேனே, அது மதுரை மாமாவுடையது. அவருக்கு நெஞ்சுப் படபடப்பு வந்து வந்து போகிறது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடுகிறது. அங்கே எடுக்கும் இ.சி.ஜி. சுத்தமாக இருக்கிறது. இ.சி.ஜி.யை இடைவிடாமல் பதியும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் முழுக்க மாட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை. போன மாதம் இங்கே வந்திருந்தபோது அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். துடிப்பு விட்டு விட்டு, முறையே இல்லாமல் ஓடியது. ஒரு நிமிடம் எண்ணி முடிப்பதற்குள் சீராகிவிட்டது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று எனக்குச் சந்தேகம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். ரத்தம் தேங்கிக் கட்டும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். சந்தேகத்தை வைத்து ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை எந்த டாக்டரும் எழுதமாட்டார். பதிவு வேண்டும்.

இங்கேதான் அந்த விலைக்குப் பொருள் வருகிறது. ஆப்பிள் வாட்சின் இ.சி.ஜி.க்கு 2018-ல் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. படபடப்பு வந்தவுடன் பக்கவாட்டுத் திருகில் விரலை வைத்து அரை நிமிடம் அசையாமல் இருந்தால் பதிவாகிவிடும். அதை அப்படியே டாக்டருக்குக் காட்டலாம். அந்த நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். துடிப்பு முறை தவறுகிறது என்று எச்சரிக்கை வந்தது அரை சதவீதம் பேருக்குத்தான். அப்படி வந்தவர்களுக்குப் பிறகு மார்பில் இ.சி.ஜி. பதியும் பட்டை ஒட்டிப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்கு இந்த நோய் பிடிபட்டது. மற்ற எல்லாருக்கும் எச்சரிக்கை பொய் என்று சொல்லிவிட முடியாது. இது மாமாவுக்கு வருவது போல வந்து போகிற நோய்.

மாமா அங்கே தனியாக இருக்கிறார். விழுந்து அசையாமல் கிடந்தால் தானே அவசர அழைப்புச் செய்யும் வசதியும் அதில் உண்டு என்பது கூடுதல் லாபம். ஒன்றை மட்டும் அவருக்கு அழுத்திச் சொல்: மாரடைப்பை இந்த வாட்ச் கண்டுபிடிக்காது, நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் அவர் போன் என்ன வகை என்று கேள். ஆப்பிள் வாட்சைத் தொடங்கி வைக்கவே ஐபோன் வேண்டும். சாம்சங் வாட்சில் இ.சி.ஜி. எடுக்க சாம்சங் போன்தான் வேண்டும். வேறு ஏதாவது ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் செலவு இரட்டிப்பாகும்; அப்போது வேறு வழி உண்டா, நெஞ்சில் ஒட்டி வாரக்கணக்கில் பதியும் கருவி கிடைக்குமா என்று அவருடைய டாக்டரிடம் நான் பேசிப் பார்க்கிறேன். மாமாவிடம் நீயே கேள். நான் சொன்னேன் என்று தெரிந்தால் வேண்டவே வேண்டாம் என்பார்.

அப்பாவுக்கு பி.பி. கருவி வாங்கி அனுப்பு. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவதாகப் பார். நேற்று அளந்தேன், அவர் கை 34 செ.மீ. இருக்கிறது. சாதாரணப் பட்டை 32 வரைதான் வரும். இறுகினால் அளவு கூடக் காட்டும். 42 வரை வருகிற அகலப் பட்டை போட்டதாகக் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அம்மா