அறுவையா, ஊசியா: அதன்பின் பார்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை சிறந்ததா, மருந்து சிறந்ததா என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். எத்தனை கிலோ குறைந்தது என்பதைக் கொண்டே இரண்டையும் ஒப்பிட்ட அக்கட்டுரை, சிகிச்சை முடித்து ஊர் திரும்பியவரை அதன்பின் யார் பார்த்துக்கொள்வது என்பதைத் தொடவே இல்லை. மதுரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்க, கடலோரத்தில் வாழும் எங்களுக்கு அதுதான் முதற்கேள்வி.

அறுவைக்குச் சார்பாகக் கட்டுரையாளர் காட்டிய ஆதாரம் வலுவானதே. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் பருமனும் சர்க்கரை நோயும் உள்ள 150 பேரிடம் நடத்திய 'ஸ்டாம்பீட்' ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017-இல் வெளிவந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை 6 சதவீதத்துக்கு மேல் போகாமல் வைத்திருந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தோரில் 5 சதவீதம். இரைப்பையைக் குழாய்போல் குறுக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டோரில் 23 சதவீதம். இரைப்பையைச் சிறிதாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு போகும்படி செய்யும் பைபாஸ் அறுவை செய்துகொண்டோரில் 29 சதவீதம். ஆனால் அந்த ஆய்வு தொடங்கிய காலத்தில், எடையைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளான செமாக்ளுடைடோ டிர்செபடைடோ விற்பனைக்கு வந்திருக்கவில்லை. பின்னர் நடந்த ஆய்வுகளில், வாரம் ஒருமுறை செமாக்ளுடைட் ஊசி போட்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதத்தையும், டிர்செபடைடை உயர்ந்த அளவில் போட்டவர்கள் 72 வாரங்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தையும் இழந்தனர். பழைய மருந்துகளின் கணக்கை வைத்து அறுவையே வென்றது என்று இன்று எழுதுவது, துடுப்புப் படகை விசைப்படகோடு போட்டிக்கு விட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அதற்காக நான் ஊசியின் கட்சி அல்லன். செமாக்ளுடைடை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டதை ஆய்வே காட்டியுள்ளது. எங்கள் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரிசிக்கே வட்டிக்கு வாங்கும் வீட்டில் முதலில் நிற்கப் போவது ஊசிதான். அதைப் பாதுகாப்பதும் எளிதன்று. துபாயிலிருந்து உறவினர் கொண்டுவந்த பேனா ஊசிகளைப் பிரீசரில் சூடை மீன் பொட்டலத்தின் அருகே வைத்து உறையவிட்டு, இளகியபின் போடலாமா என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து ஒருமுறை உறைந்தால் குப்பைக்குத்தான் என்று நான் சொன்னபோது, அவர் விலையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுவையின் பின்கதையை என் வீட்டிலேயே பார்த்தேன். நீண்ட காலம் சர்க்கரையோடு போராடிய என் தங்கைக்கு வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்லீவ் அறுவை செய்தார்கள். எடை நன்றாகக் குறைந்தது, மாத்திரைகளும் குறைந்தன. இரண்டாம் ஆண்டில் ஒருநாள், கருவாடு காயும் மணலில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நின்றவள், சூடு தெரியவில்லையே அண்ணே என்றாள். பழைய சர்க்கரையின் வேலை என்று நினைத்துச் சில மாதங்களை வீணாக்கினேன். முப்பது ஆண்டு மருந்து எடுத்துக் கொடுத்த எனக்கே அது நரம்புகளுக்குத் தேவையான பி12 வைட்டமினின் குறைபாடு என்று உடனே தோன்றவில்லை. இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டால் உணவிலிருந்து பி12-ஐப் பிரித்து உறிஞ்சும் ஆற்றல் குறைகிறது. அவள் முன்பு ஆண்டுக்கணக்கில் விழுங்கிய மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் அதைக் குறைக்கும் மருந்துதான். பி12, இரும்பு, கால்சியம் ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் கவனிக்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கத்தான் செய்தது. அதை யாரும் அவளுக்குத் தமிழில் சொல்லவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், கடுமையான பருமனோடு கட்டுக்கடங்காத சர்க்கரையும் உள்ளவருக்கு அறுவையைப் பரிந்துரைக்கவே செய்வேன். அதை அழகுக்காகச் செய்யும் வேலை என்று ஊரார் ஏளனம் பேசுவது அறியாமை. ஆனால் 2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு, எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறை குறியீட்டெண் 27.5-இலிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அதாவது ஐந்தேகால் அடி உயரமுள்ளவருக்கு எழுபது கிலோ. அந்த அளவுகோலை வைத்தால் எங்கள் கல்யாணப் பந்தியில் பாதிப் பேர் சிக்குவார்கள். அத்தனை பேரையும் மேசையில் ஏற்றவும் முடியாது, ஏற்றவும் கூடாது.

ஆகவே 2022-இல் தொடங்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், எங்கே அறுவை செய்துகொண்டிருந்தாலும், எங்கே ஊசி வாங்கினாலும் வந்து காட்டிக்கொள்ளும்படி, வாரம் ஒருநாள் தனிப் புறநோயாளிப் பிரிவை அரசு நடத்த வேண்டும். பி12 பரிசோதனையும் பி12 ஊசியும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்கள், வயிற்றில் அறுவை நடந்ததா, கால் மரத்துப்போகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் போதும். என் தங்கையின் வலக்கால் விரல்களில் இன்னும் மீளாத உணர்வு, இன்னொருவருக்காவது முன்கூட்டியே காப்பாற்றப்பட்டிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தங்கச்சிமடம்.