முக்கொம்பில் டப்பாவைக் காட்டிக்கொடுத்த ஐயாவுக்கு நன்றி

போன ஞாயிறு முக்கொம்பு பூங்காவில், கீற்றுக்கொட்டகை பக்கம் மரம் மரமாகக் குனிந்து தேடிக்கொண்டிருந்த எங்களிடம் "என்ன தம்பி, சாவி தொலைஞ்சிடுச்சா?" என்று கேட்ட பச்சைத் துண்டு ஐயாவுக்குத்தான் இந்தப் பதிவு. பேர் கேட்டோம், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் தேடியது ஜியோகேச்சிங் டப்பா. யாரோ ஒளித்து வைத்ததை ஜிபிஎஸ் வைத்துக் கண்டுபிடிக்கிற விளையாட்டு, 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை நிறுத்தியதும் அங்கே ஆரிகன் மாநிலத்தில் ஆரம்பித்தது. ஆனால் அடர்ந்த மரத்தடியில் இன்றைக்கும் போன் காட்டும் புள்ளி சில மீட்டர் தள்ளித்தான் நிற்கும், அன்றைக்குக் கொட்டகைக்கும் தண்ணீருக்கும் நடுவே அலைந்துகொண்டே இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் ஐயா, "அந்த வேர்ச் சந்துலதான் வர்றவங்க கை விடுறாங்க" என்றார். "பூச்சி பொட்டு கிடக்கும், இருங்க" என்று தன் கம்பால் சருகைத் தட்டிக் கிளறிவிட்டுத்தான் எங்களை விட்டார். பழுப்பு டேப் சுற்றிய சின்ன டப்பா, உள்ளே நமுத்துப்போன காகிதச் சுருள். பேர் எழுதித் திரும்ப வைத்தோம். "இதுக்கா இவ்வளவு நேரம்!" என்றவர், நாங்கள் மூடியது பிடிக்காமல் தானே சருகை அள்ளிப்போட்டு மறைத்தார்.

அப்புறம் ஐயா, டீக்குக் காசு கொடுக்க விடவில்லையே, அடுத்த தடவை எங்கள் செலவு.