மூன்று படம் எடுக்கச் சொன்னவருக்கு ஒரு கடிதம்

திரு. ராபர்ட் ஷே அவர்களுக்கு,

வணக்கம். டோல்கீனின் நாவலை வைத்து வந்த ‘ஹாபிட்’ படங்கள் மீது மனத்தாங்கல் உள்ளவர்கள் எல்லோரும் இயக்குநர் பீட்டர் ஜாக்சனுக்குத்தான் கடிதம் எழுதுவார்கள். எனக்கு உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் படங்களின் தலையெழுத்து படப்பிடிப்புத் தளத்தில் எழுதப்பட்டதல்ல, அதற்குப் பல வருடம் முன்பே, நீங்கள் நடத்திய நியூ லைன் ஸ்டூடியோவின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டது என்பது என் கட்சி.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 1998-ல், டோல்கீனின் இன்னொரு நாவலான ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ஸை ஜாக்சன் இரண்டு படமாக எடுக்கும் திட்டம் மிராமாக்ஸ் ஸ்டூடியோ கையில் இருந்தது. இரண்டு படத்துக்குப் பணம் இல்லை, மொத்தக் கதையையும் ஒரே படமாகச் சுருக்கு என்றார்கள். ஜாக்சன் மறுத்ததும், சில வாரத்துக்குள் வேறு ஸ்டூடியோவைப் பிடித்து, அதுவரை ஆன செலவையும் திருப்பித் தர ஏற்பாடு செய் என்று கெடு வைத்தார்கள். ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்ட பிறகு, ஒரு வீடியோ நாடாவை எடுத்துக்கொண்டு அவர் உங்கள் அறைக்கு வந்தார். வரைபடங்கள், மாதிரி உருவங்கள், நியூசிலாந்தின் மலைகள் எல்லாம் அதில் இருந்தன. பார்த்து முடித்த நீங்கள், நாவல் மூன்று பாகமாக இருக்கும்போது படம் மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டீர்கள். வந்தவர் இரண்டு படத்துக்குச் சம்மதம் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தவர்!

அன்றைக்கு ஜாக்சன் யார்? ரத்தம் தெறிக்கும் சில்லறை பட்ஜெட் பேய்ப் படங்களும், விமர்சகர்கள் கொண்டாடிய ‘ஹெவன்லி கிரீச்சர்ஸ்’ படமும், வசூலில் சறுக்கிய ஒரு ஹாலிவுட் முயற்சியும் செய்தவர். பெரிய ஸ்டூடியோ முதலாளி எவரும் அவரை நம்பி மூன்று படத்துக்கான பணத்தை ஒரே மூச்சில் இறக்கியிருக்க மாட்டார். நீங்கள் இறக்கினீர்கள். 1967-ல் நியூயார்க்கில் உங்கள் குடியிருப்பில் வைத்து நியூ லைனைத் தொடங்கி, ஃபிரெடி க்ரூகர் என்ற கொலைகாரப் பேய் வரும் படங்களால் அதை வளர்த்தவர் நீங்கள். மலிவுப் பேய்ப் படம் எடுத்துப் பழகியவனுக்குக் காசை எங்கே செலவு செய்ய வேண்டும் என்று தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஃபேன்டஸி நாவலுக்கு இயக்குநர் தேடும்போது பிரம்மாண்டம் எடுத்த அனுபவத்தை விட இந்தப் பழக்கம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். மூன்றாவது படம் 11 ஆஸ்கர் வாங்கியது. மூன்றும் சேர்ந்து உலகெங்கும் ஏறத்தாழ 300 கோடி டாலர் வசூலித்தன.

சரி, அப்புறம்தான் பங்காளிச் சண்டை.

2005-ல் ஜாக்சன் உங்கள் மேல் வழக்குப் போட்டார். முதல் படத்தின் வீடியோ, புத்தகம், பொம்மை போன்ற உரிமைகளை வெளிச்சந்தையில் ஏலம் விடாமல், உங்கள் தாய் நிறுவனமான டைம் வார்னரின் மற்ற கிளைகளுக்கே கொடுத்துவிட்டீர்கள், விலை குறைந்ததால் தன் பங்கும் குறைந்தது என்பது அவர் வாதம். அவர் கேட்டது, வெளியார் ஒருவர் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்பது. அவர் ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் பேராசை என்று தள்ளிவிடலாம். ஆனால் 2004-லேயே பட உரிமையின் சொந்தக்காரர் சால் ஸேன்ட்ஸ் தன் பங்குக்காக வழக்குப் போட்டிருந்தார். 2007-ல் நடிகர்கள் பலர் பொம்மை விற்பனைப் பங்கு கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2008 பிப்ரவரியில் டோல்கீன் குடும்ப அறக்கட்டளை, மொத்த வசூலில் தங்களுக்கு வர வேண்டிய 7.5 சதவீதம் வரவே இல்லை என்று வழக்குத் தொடுத்தது. இத்தனை பேரும் ஒரே கணக்குப் புத்தகத்தைக் கை காட்டினார்கள், ஷே அவர்களே.

நான் மறுபடி மறுபடி யோசிப்பது 2006 நவம்பரைப் பற்றி. ஜாக்சனும் அவருடைய துணைவியும் திரைக்கதைக் கூட்டாளியுமான ஃபிரான் வால்ஷும் ரசிகர்களுக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார்கள். உங்கள் கூட்டாளி மைக்கேல் லின், வழக்கைத் தீர்த்துக்கொள்வதையும் ‘ஹாபிட்’ எடுக்கச் சம்மதிப்பதையும் ஒரே பேரமாக்கப் பார்த்தார் என்று அதில் இருந்தது. முதலில் கணக்கு தீரட்டும், பிறகு படம் பேசலாம் என்றார்கள் இவர்கள். படத்தை ஒரு சமரசத்தின் பகுதியாக எடுக்க மாட்டோம், ஆசைப்பட்டு எடுக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. ஸேன்ட்ஸிடமிருந்து வாங்கிய உரிமைக்குக் காலக்கெடு உண்டு, அதனால் வேறு இயக்குநரைப் பார்க்கிறோம் என்று உங்கள் தரப்பு சொல்லிவிட்டது. 2007 ஜனவரியில் நீங்களே, என் மேல் வழக்குப் போட்டவரோடு படம் செய்ய மாட்டேன், நான் இருக்கும்வரை அது நடக்காது என்று பேட்டி கொடுத்தீர்கள்.

உங்கள் கோபம் புரியாமல் இல்லை. யாரும் நம்பாதபோது கையைப் பிடித்து ஏற்றிவிட்டவன் நான், இவன் வக்கீலை அனுப்புகிறானே என்று எந்த மனிதனுக்கும் வயிறு எரியும். ஆனால் அந்த வயிற்றெரிச்சலை வைத்து டோல்கீனின் கதையை யார் எடுப்பது என்று முடிவு செய்தீர்களே, அதைத்தான் சொல்கிறேன். இதைவிடப் பொருத்தமான இயக்குநர் கிடைத்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்போம். அப்படி ஒரு பெயர் உங்களிடம் இல்லை.

அதே காலத்தில் ‘த கோல்டன் காம்பஸ்’ என்ற இன்னொரு ஃபேன்டஸி படம் உங்கள் வீட்டில் என்ன பாடுபட்டது! இயக்குநர் கிறிஸ் வைட்ஸ், தொழில்நுட்பச் சவால்கள் தன் சக்திக்கு மீறியவை என்று ஒதுங்கினார். அவர் இடத்துக்கு ஆனந்த் டக்கர் வந்தார், ஒத்துவரவில்லை, போனார். மறுபடி வைட்ஸ். எடுத்து முடித்த கிளைமாக்ஸையே வெட்டி, அடுத்த பாகத்துக்கு என்று எடுத்துவைத்தீர்கள். அடுத்த பாகம் வரவே இல்லை. 18 கோடி டாலர் செலவான படம் அமெரிக்காவில் 7 கோடிதான் வசூலித்தது. வெளிநாடுகளில் நன்றாகவே ஓடியது. ஆனால் பட்ஜெட்டைத் திரட்ட வெளிநாட்டு உரிமைகளை முன்கூட்டியே விற்றுவிட்டதால் அந்தப் பணம் உங்களுக்கு வரவில்லை. ஜாக்சனோடு சமரசம் 2007 டிசம்பரில், அந்தப் படம் திரைக்கு வந்த அதே மாதத்தில் கையெழுத்தானதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. 2008 பிப்ரவரி கடைசியில் வார்னர் பிரதர்ஸ் நியூ லைனைத் தனக்குள் இழுத்துக்கொண்டது, நீங்களும் லின்னும் வெளியேறினீர்கள்.

நீங்கள் போய்விட்டீர்கள், சண்டை விட்டுப்போன பாதிப்பு போகவில்லை. சமரசப்படி ஜாக்சன் தயாரிப்பு மேற்பார்வைக்குத்தான் வந்தார். இயக்குநர் நாற்காலி கியெர்மோ டெல் டோரோவுக்குப் போனது. அருமையான தேர்வு என்றே இன்றும் சொல்வேன். கதையில் வரும் டிராகன் அவர் கையில் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. நியூசிலாந்திலேயே குடியேறி ஏறக்குறைய இரண்டு வருடம் வேலை பார்த்தார். படத்தில் பங்குதாரரான எம்ஜிஎம் ஸ்டூடியோ கடனில் மூழ்கி, படத்துக்குப் பச்சைக்கொடி விழவே இல்லை. 2010 மே மாதக் கடைசியில் கிளம்பிவிட்டார். எம்ஜிஎம் கதைக்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2006-லேயே தொடங்கியிருந்தால், எம்ஜிஎம் மஞ்சள் கடுதாசி கொடுத்த 2010 நவம்பருக்குள், அன்று திட்டமிட்டிருந்த இரண்டு படமும் திரைக்கு வந்து போயிருக்கலாம்.

கடைசியில் ஜாக்சனே இயக்குநராக உட்கார்ந்தார். அவரை ஒதுக்கியதற்காக 2006-ல் கொதித்த ரசிகர்கள் ஜெயித்துவிட்டோம் என்று கொண்டாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2011 மார்ச்சில் படப்பிடிப்பு தொடங்கியபோது, வேறொருவருக்காகத் தயாரான படத்தைத் தனக்கேற்ப மாற்ற அவருக்கு அவகாசமே இல்லை. முந்தைய மூன்று படங்களுக்கு வருடக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர், இந்த முறை போதிய திட்டம் இல்லாமலே தளத்துக்குப் போய் நின்றதை படத்தின் டிஸ்க்கோடு வரும் வீடியோ இணைப்புகளில் அவரே ஒப்புக்கொள்கிறார். கதையின் உச்சக்கட்டமான ஐந்து படைகளின் போரைப் பாதியில் நிறுத்தி, அடுத்த வருடத்துக்குத் தள்ளினார். ஒரு சிறுவர் நாவலை மூன்று படமாக இழுத்தது ஜாக்சன் தரப்பின் பிழை, அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். அவருக்கு இல்லாமல் போன அந்த வருடங்களில் கொஞ்சமாவது உங்கள் கணக்கில்தான் வரும்.

ஒன்று மட்டும் கேட்க ஆசை. 2007-ல் நீதிமன்றம் கேட்ட கணக்கு ஆவணங்களைக் கொடுக்காததற்காக நியூ லைன் 1,25,000 டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்தது. சமரசத் தொகை எவ்வளவு என்பதும் வெளியே வரவில்லை. இவ்வளவு வருடம் கழித்தாவது சொல்லுங்கள்: ஒரு இயக்குநரையே இழக்கத் துணியும் அளவுக்கு அந்தக் காகிதங்களில் என்னதான் இருந்தது?

இப்படிக்கு,
உங்கள் ‘மூன்று’க்கு இன்னும் நன்றி சொல்லும் ஒரு ரசிகன்