கண்ணா, ஏஜென்ட் வேண்டாம்

அன்பு கண்ணா,

நேற்று போனில் நீ சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால்தான். அப்பாவுடைய லைசென்ஸ் ஆவணியில் முடிகிறது, ஆன்லைனில் நீயே போட்டுவிடுகிறாய், டாக்டர் சர்டிபிகேட்டுக்கு யாரோ ஒரு ஏஜென்ட்டிடம் பேசிவிட்டாய், அப்பா எங்கேயும் அலைய வேண்டாம் என்றாய். அப்பா சிரமப்படக் கூடாது என்றுதான் செய்கிறாய், எனக்குத் தெரியாதா. ஆனால் வேண்டாம் கண்ணா. அந்த ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்திருந்தால் போகட்டும், விட்டுவிடு. ஏன் என்று போனில் சொல்ல முடியாது, அப்பா காதில் விழுந்தால் மனசு உடைந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

போன தடவை ரின்யூவல் பண்ணும்போது நானும் கூடப் போனேன். கொரோனா கொஞ்சம் தணிந்திருந்த சமயம், எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சின்ன கிளினிக், பெயர் எதற்கு. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சுகர் இருக்கா?" என்றார், அப்பா இருக்கு என்றார், பாரத்தில் கையெழுத்துப் போட்டு சீல் குத்திக் கொடுத்துவிட்டார். சுவரில் கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகை தொங்கியது, அதில் பாதியை ஒரு மருந்து கம்பெனி காலண்டர் மறைத்திருந்தது. அப்பாவை ஒரு எழுத்தைக்கூடப் படிக்கச் சொல்லவில்லை. நான் அப்போது சந்தோஷப்பட்டேன், சீக்கிரம் முடிந்ததே, வரிசையில் நிற்காமல் வீட்டுக்குப் போகலாமே என்று. இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அந்த பாரத்துக்குப் பெயர் ஃபார்ம் 1ஏ. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி பிரிண்ட் எடுத்து வரி வரியாகப் படித்தேன். 40 வயசுக்கு மேல் லைசென்ஸ் புதுப்பிக்கிற எல்லோருக்கும் இது வேண்டும். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கிற காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் கேட்கிறதா, கை கால் சரியாக இருக்கிறதா, இதெல்லாம் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஞாபகசக்தி பற்றி ஒரு வரி கிடையாது. இன்னொன்றைப் படித்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிரே வெளிச்சம் கண்ணில் அடித்தால் எவ்வளவு நேரத்தில் பார்வை திரும்புகிறது, பக்கவாட்டுப் பார்வை எப்படி, ஒன்றைப் பார்த்ததும் எவ்வளவு சீக்கிரம் சுதாரிக்கிறார், இந்த மூன்றையும் சோதித்ததாக எழுத ஒரு இடம் இருக்கிறது. ஆனால் அது ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரிக்காரர்களுக்கு மட்டும். எழுபத்தைந்து வயசுக்காரருக்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியதே அந்த மூன்றுதானே? யாரிடம் போய்க் கேட்பது?

அந்த மூன்றும்தான் அப்பாவுக்குக் குறைகிறது. முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான்தான், எனக்குத் தெரியும்.

நீ ஜப்பானில் இருந்து வருஷத்துக்கு ஒரு தடவை பெங்களூருக்கு வருகிறாய். ஏர்போர்ட்டில் இருந்து டாக்சியில் வந்துவிடுகிறாய், அப்புறம் இருக்கிற பத்து நாளும் நீயே ஓட்டுகிறாய். அதனால் உனக்குத் தெரிய வழியில்லை. இரண்டு வருஷமாக நான் காரில் உட்கார்ந்தால் வாய் மூடுவதே இல்லை. "இடது பக்கம் ஸ்கூட்டர் வருதுங்க", "சிக்னல் விழுந்துடுச்சு", "மெதுவா, குழந்தை நிக்குது". முதலில் பேச்சோடு பேச்சாகச் சொல்ல ஆரம்பித்தேன், இப்போது நான் சொல்லாவிட்டால் அவர் திரும்பியே பார்ப்பதில்லை. கழுத்து வலி, தேய்மானம் என்று டாக்டர் சொன்னார், பாதிதான் திரும்புகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சி.எம்.எச். ரோட்டில் எதிரே வருகிற வண்டி ஒவ்வொன்றும் ஹை பீம் போட்டுக்கொண்டு வருகிறது, அந்த வெள்ளை லைட் கண்ணில் பட்டதும் அப்பா ஒரு கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறார், இரண்டு மூன்று விநாடி ரோடு தெரியவில்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண்ணில் இன்னும் இருக்கிறது, தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார். அதோடு உன் பெரியப்பாவுக்கு கிளாக்கோமா இருக்கிறது என்பதை மறந்துவிடாதே. அது கூடப் பிறந்தவர்களுக்கும் வரக்கூடிய கண் நோய், பக்கவாட்டுப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், நேரே பார்ப்பது கடைசி வரை நன்றாகவே இருப்பதால் ஆளுக்குத் தெரியாது. நம்பர் பிளேட்டை அழகாகப் படித்துவிடுவார், இடது பக்கம் வருகிற ஆள் தெரியாது.

மாசியில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கென்சிங்டன் ரோட்டில் ஏரிப் பக்கம் திரும்பும்போது சாப்பாடு டெலிவரி பண்ணுகிற ஒரு பையன் இடது பக்கமாக வந்தான். நான் அன்றைக்குப் பார்த்து போனில் உன் அத்தையோடு பேசிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். பையன் கீழே கிடக்கிறான், வண்டி ஒரு பக்கம், சாம்பார் பாக்கெட் உடைந்து ரோடெல்லாம். முட்டியில் தோல் உரிந்து ரத்தம். நான் இறங்கி ஓடினேன். "ஏனூ ஆகில்ல அஜ்ஜி" என்றான், ஒன்றும் ஆகவில்லை பாட்டி என்று என்னைச் சமாதானப்படுத்துகிறான் அந்தப் பிள்ளை, இருபது வயசுகூட இருக்காது. ஆட்டோ பிடித்து கிளினிக் கூட்டிப் போனேன், ஊசி போட்டு, கட்டுப் போட்டு, அன்றைய சம்பளத்துக்கும் வண்டி ரிப்பேருக்கும் கையில் இருந்ததைக் கொடுத்தேன். அவன் அம்மாவுக்கு போன் போட்டுக் கொடுக்கச் சொன்னேன், வேண்டாம், பயந்துவிடுவாள் என்றான். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா வீட்டுக்கு வந்து, "அவன் ராங் சைடில் வந்தான்" என்றார். அவன் ராங் சைடில் வரவில்லை கண்ணா. அப்பா பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயம். அவருக்கு அவன் தெரியவே இல்லை.

நீ தோக்கியோ போன புதிதில், 2019 ஏப்ரலில், அங்கே இகெபுகுரோ என்கிற இடத்தில் நடந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். 87 வயசு ஆள் காரை ஓட்டி வந்து, சைக்கிளில் போன ஒரு தாயையும் மூன்று வயசு மகளையும் அடித்துவிட்டார், இருவரும் போய்விட்டார்கள். தாய்க்கு 31 வயசு. பிரேக்கை மிதித்தேன், வேலை செய்யவில்லை என்று அவர் கோர்ட்டில் சொன்னார். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரைத்தான் மிதித்திருக்கிறார் என்று கோர்ட் முடிவு பண்ணி, 2021இல் ஐந்து வருஷம் சிறை கொடுத்தது. அவரும் பெரிய படிப்பு படித்து பெரிய பதவியில் இருந்தவர் என்று சொன்னாய். அன்றைக்கு நீ போனில் அழுதாய், உன் பெண்ணுக்கும் அப்போது மூன்று வயசு. அந்த வருஷம் ஜப்பான் முழுக்க 6 லட்சம் பேர் தாங்களாகவே போய் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றும் பிறகு சொன்னாய். அப்படிக் கொடுத்தவர்களுக்கு ஒரு சான்றிதழ் தருகிறார்கள், அதைக் காட்டினால் பல ஊர்களில் பஸ்ஸிலும் டாக்சியிலும் கட்டணம் குறைவு. 75 வயசானால் புதுப்பிக்க ஞாபகசக்தி பரிசோதனை, 16 படம் காட்டிவிட்டு பிறகு என்னென்ன படம் என்று எழுதச் சொல்கிறார்கள். விதி மீறி மாட்டியிருந்தால், 2022 மே முதல், வண்டி ஓட்டிக் காட்டியும் பாஸ் பண்ண வேண்டும். உன் மாமனார் அங்கே ஓட்டுகிறவராக இருந்தால் இதையெல்லாம் செய்யாமல் விடுவாயா நீ? நம் அப்பாவுக்கு மட்டும் ஏன் ஏஜென்ட்?

இங்கே சட்டம் எப்படி இருக்கிறது என்றால், 55 வயசுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அவ்வளவுதான். மறுபடி ஓட்டிக் காட்டணும் என்பது, முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டவருக்கு மட்டும். ஒழுங்காகத் தேதிக்குள் போகிறவரை யாரும் வண்டியில் உட்கார வைத்துப் பார்ப்பதில்லை. அப்பா ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை, உனக்குத் தெரியும். 1979இல் மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டியவர். அதற்கப்புறம் இந்த ஊரில் ஓல்ட் மெட்ராஸ் ரோடு மேலே மெட்ரோ தூண் வந்தாயிற்று, வண்டிகள் எத்தனை மடங்கு ஆயிற்று, அவர் கண்ணுக்கும் காலுக்கும் 45 வயசுக்கு மேல் கூடிவிட்டது, ஒருத்தரும் இன்னொரு தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து "ஓட்டுங்க சார், பார்க்கலாம்" என்று சொல்லவில்லை.

வயசானதாலேயே சாவியைப் பிடுங்கணும் என்று நான் சொல்லவே இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அறுபதிலேயே தடுமாறுகிறவர்கள் உண்டு, எண்பதில் அருமையாக ஓட்டுகிறவர்களும் உண்டு, சந்தைக்கு வரும் அந்த டீச்சரம்மாவை நீயே பார்த்திருக்கிறாய். ரோட்டில் தலைதெறிக்க ஓட்டி ஆளை அடிக்கிறவர்கள் பெரும்பாலும் இளசுகள்தான், அப்பா சொல்வது நியாயம். அதனால்தான் சொல்கிறேன், பிறந்த தேதியைப் பார்த்து முடிவு பண்ணாமல், எழுபது தாண்டிய எல்லோரையும் நிஜமாகப் பரிசோதிக்கணும். கண்ணை, கவனத்தை, காலை, அப்புறம் ரோட்டில் அரை மணி நேரம். பாஸ் பண்ணினால் மரியாதையோடு கையில் கொடுக்கட்டும். அப்படிப் பாஸ் பண்ணினவரை வீட்டில் யாரும் "உங்களுக்கு வயசாயிடுச்சு" என்று சொல்ல முடியாது, அதுவும் ஒரு நல்லதுதானே.

அப்பாவுக்கு அந்தக் கார் என்ன என்று எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர், 1992இல் பழைய மாருதி 800 வாங்கி வாசலில் நிறுத்தியபோது எலுமிச்சம்பழத்தை நான்தான் வைத்தேன். ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் என்று ராத்திரியோடு ராத்திரியாகக் குடியாத்தம் ஓட்டிக்கொண்டு போனார், பாட்டி மூச்சு இருக்கும்போதே உன்னைக் கொண்டுபோய்க் காட்டணும் என்று. நீ பின்சீட்டில் தூங்கினாய். அந்த மனுஷனிடம் போய் இனி ஓட்டாதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வது? இரண்டு தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை, "அப்ப நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்னு சொல்றியா" என்றார். இன்னொரு தடவை ஒன்றும் பேசாமல் எழுந்து போய் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார், முன்னால் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.

கார் இல்லாமல் எப்படி என்று நீ கேட்பாய். அல்சூர் மெட்ரோ ஸ்டேஷன் நடந்தால் எட்டு நிமிஷம், நான் கணக்குப் பார்த்துவிட்டேன். பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்ட் வரைக்கும் போகிறது, அத்தை வீட்டுக்கு இனி இரண்டு மணி நேர டிராஃபிக் கிடையாது. பி.எம்.டி.சி. டவுன் பஸ்ஸில் எனக்குக் காசே வேண்டாம், பெண்களுக்கு இலவசம், சக்தி திட்டம். சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு ஆட்டோ வரும். ராத்திரி அவசரத்துக்குத்தான் கொஞ்சம் கஷ்டம், அதற்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டிரைவர் தம்பி இருக்கிறான், பேசி வைத்திருக்கிறேன். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை ஆட்டோவுக்கென்று தனியாக எடுத்து வைத்தால் போதும், பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் கூட்டினால் அதைவிட அதிகமாகத்தான் வருகிறது.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அந்த ஏஜென்ட்டை நிறுத்து. அப்புறம் நீயே அப்பாவிடம் பேசு, என் பெயரை எடுக்காதே. "அப்பா, இடது கண்ணையும் முடிச்சிடுங்க, ஃபீல்ட் டெஸ்ட்டும் எடுத்துடுங்க, பெரியப்பாவுக்கு இருக்கிறதால எனக்கும் பார்க்கச் சொல்றாங்க" என்று ஆரம்பி, அது உண்மையும்கூட, நீயும் எடுக்கணும். மின்டோ கண் ஆஸ்பத்திரியானாலும் சரி, வேறு இடமானாலும் சரி, நான் கூட்டிப் போகிறேன். ஃபீல்ட் டெஸ்ட் என்றால் பக்கவாட்டுப் பார்வையைப் பார்ப்பதுதான், மிஷினுக்குள் பார்த்துக்கொண்டு, சின்ன வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள், வலி கிலி ஒன்றும் இல்லை. அதன் பிறகு டிரைவிங் ஸ்கூலில் ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டரை வைத்து ஒரு மணி நேரம் ரோட்டில் ஓட்டிக் காட்டட்டும், பகலில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. நான் அன்றைக்கு வண்டியில் இருக்க மாட்டேன், இருந்தால் என்னை அறியாமல் சொல்லிக் கொடுத்துவிடுவேன். அவர் நன்றாக ஓட்டுகிறார் என்று அந்த ஆள் சொன்னால், முழு மனசோடு நானே சாமி படத்துக்கு முன்னால் வைத்து அந்தச் சாவியை எடுத்துக் கொடுப்பேன். ராத்திரி மட்டும் வேண்டாம் என்றால், பகலில் மட்டும். முடியாது என்றால், அதை ஒரு வெளியாள் சொல்லட்டும், நான் சொல்வதைவிட அவருக்கு அது வலிக்காது என்று நினைக்கிறேன்.

உன் வாயால் சொன்னால் கேட்பார். "டெஸ்ட்ல ஜெயிச்சிட்டு எனக்கு போன் பண்ணுங்கப்பா" என்று சொல்லிப் பாரேன், அவருக்கு அந்த வார்த்தை பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குக் கூப்பிடு, உனக்கு அப்போது பன்னிரண்டு மணி. அவர் இரண்டாவது காபி குடித்து பேப்பர் படித்து முடித்திருப்பார். நான் கோயிலுக்குப் போய்விடுகிறேன், நீங்கள் இரண்டு பேரும் பேசுங்கள்.

அன்புடன்,
அம்மா