போப்ளான் ஆட்ட இரவுகளில் கடைசிப் பேருந்தைத் தாமதமாக எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
போப்ளான் அரங்கின் மேல்வரிசைச் சந்தாதாரர்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற பீங்கான் தொழிலாளி ஒருவர்,
வியேன் ஆற்றின் அக்கரை, லிமோஜ், பிரான்ஸ்.

பெறுநர்:
நகரப் பேருந்துகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
லிமோஜ்.

பொருள்: லிமோஜ் செ.எஸ்.பே. கூடைப்பந்து கிளப் உள்ளூரில் ஆடும் இரவுகளில், ஆற்றின் அக்கரைக்குச் செல்லும் கடைசிப் பேருந்தை ஆட்டம் முடிந்தபின் எடுக்க வேண்டுதல்.

பார்வை: இதே பொருள் குறித்து முன்பு அனுப்பிய மனுக்கள். எதற்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த ஊரின் மேடு பள்ளம் தாங்கள் அறியாதது அல்ல. அரங்கம் மேட்டில் இருக்கிறது, எங்கள் வீடுகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே முழு ஊரும் கிடக்கிறது. ஆகவே வழியை விவரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. ஆட்டக் கடிகாரத்தில் கூடைப்பந்து என்பது 40 நிமிடம்தான். ஆனால் தவறுகள், தனி எறிகள், பயிற்சியாளர்கள் கேட்கும் இடைவேளைகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிவிடும். எங்கள் கடைசிப் பேருந்து ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியின் நடுவில் கிளம்பிவிடுகிறது. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் நிறுத்தத்தில் விளக்குக் கம்பம் மட்டும்தான் நிற்கிறது.

2. இந்த கிளப் 1929இல் செர்க்கிள் சேன்-பியேர் என்ற பெயரில், ஒரு தேவாலயப் பங்கின் இளைஞர் மன்றமாகத் தொடங்கியது. அந்தப் பெயரின் சுருக்கம்தான் செ.எஸ்.பே. பாரிஸ் போன்ற பெரிய நகரம் எதுவும் பின்னால் கிடையாது. பீங்கானுக்குப் பேர்போன நடுத்தர ஊர், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரின் அணி 1982இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோராச் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது யுகோஸ்லாவியாவின் ஷிபென்கா. அந்த அணியில் பின்னாளில் பெரிய நட்சத்திரமான த்ராசென் பெட்ரோவிச் பதின்பருவம் தாண்டாத வயதில் ஆடினார். முடிவு 90-84. அடுத்த ஆண்டும் அதே கோப்பை, அதே ஷிபென்கா, வெற்றி மறுபடியும் நமக்கே. 1988இல் ஸ்பெயினின் பதலோனா அணியை வீழ்த்தி ஐரோப்பிய கோப்பை வென்றோர் கோப்பையையும் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு சாம்பியன் பட்டம் இதுவரை 11 முறை. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.) இந்த ஊரில் ஆட்ட இரவு என்பது நாலு பேர் பொழுதுபோக்கும் சமாச்சாரம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஒரே மேட்டிலிருந்து இறங்குகிறோம்.

3. இனி 1993. ஐயா, இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். முன்பு அனுப்பிய மனுக்களில் இதைச் சுருக்கமாக எழுதியதால்தான் எங்கள் சிரமம் தங்களுக்குப் புரியவில்லையோ என்று தோன்றுகிறது.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸில் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையின் கடைசி நான்கு அணிகள் கூடின. நாம் ஜெயிப்போம் என்று எந்தப் பத்திரிகையும் நம்பவில்லை. அரையிறுதியில் எதிரணி ரியல் மாட்ரிட், கூடைக்குக் கீழே அவர்களுடைய நெட்டை நட்சத்திரம் அர்விதாஸ் சபோனிஸ். 62-52 என்று வென்றோம். இறுதியில் டோனி குகோச் ஆடிய இத்தாலிய அணி பெனட்டன் ட்ரெவிசோ. நம் பயிற்சியாளர் போஷிதார் மல்யகோவிச்சுக்கு ஓட்டமும் சாட்டமும் பிடிக்காது. அன்றைய விதிப்படி ஒரு அணி கூடைக்கு எறியாமல் பந்தை 30 நொடி வைத்துக்கொள்ளலாம், இப்போதுபோல 24 அல்ல. அந்த 30 நொடியையும் முழுக்கச் செலவழித்து, எதிரணியை ஓடவிடாமல் கட்டிப்போட்டு ஆடினார்கள். கூடைப்பந்தையே கொன்றுவிட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் வைதார்கள். வைதால் வையட்டும். ஜிம் பில்பாவும் ரிஷார் தக்கூரியும் காத்த காவலை ரசிக்கத் தெரியாதவர்களிடம் என்ன பேச?

அப்புறம் அந்தக் கடைசி நொடிகள். முன்னிலை ஒரு கூடைக்கு மேல் இல்லை. பந்து குகோச்சிடம். ஐரோப்பாவிலேயே அப்போது அவர் கையில் பந்து இருந்தால் எதிரணி ரசிகன் கண்ணை மூடிக்கொள்வான். அவர் எதிரே நின்றவர் நம்முடைய சின்ன உருவக்காரர் ஃபிரெதெரிக் ஃபோர்த். ஃபோர்த் கையை நீட்டிப் பந்தைப் பறித்தார். 59-55. எந்த அணி விளையாட்டிலும் ஐரோப்பாவின் தலையாய கோப்பையை வென்ற முதல் பிரெஞ்சு கிளப் லிமோஜ்தான். மார்செய் கால்பந்து அணி வென்றது மே 26ஆம் தேதி, நமக்குப் பிறகுதான்.

இப்போது சொல்லுங்கள் ஐயா. அந்த ஆட்டம் போப்ளானில் நடந்து, தங்களுடைய கால அட்டவணையும் அன்று இருந்திருந்தால், ஃபோர்த் பந்தைப் பறித்தபோது நாங்கள் எங்கே இருந்திருப்போம்? பேருந்தில், ஜன்னலோரம், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு!

4. இதுதான் எங்கள் வேதனையிலேயே பெரியது. டிக்கெட் விலையைப் பற்றியோ இருக்கையைப் பற்றியோ நாங்கள் முறையிடவில்லை. கடைசி ஐந்து நிமிடம்தான் எங்கள் பிரச்சினை. அரங்கமே எழுந்து நின்று பாடத் தொடங்கும்போது நாங்கள் வரிசையில் ஒவ்வொரு முழங்காலாகத் தாண்டி, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று வெளியேறுகிறோம். பின்னால் இருப்பவர்கள் திட்டுகிறார்கள், அதுவும் நியாயம்தான். நிறுத்தத்தில் நிற்கும்போது அரங்கத்திலிருந்து பெரிய இரைச்சல் ஒன்று வருகிறது. நம்மவர் கூடை போட்டார்களா, நடுவர் தவறாக ஊதினாரா, யாராவது விழுந்துவிட்டார்களா, எதுவும் தெரியாது. பேருந்து ஓட்டுநரே கதவை மூடும்முன் "எவ்வளவுக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார். எங்களுக்குத் தெரிந்தால் அல்லவா சொல்ல!

சரி, முழு ஆட்டமும் பார்த்துவிட்டு நடந்தே போகலாம் என்றால், பிப்ரவரி இரவில் பேராலயத்துக்குக் கீழே சரியும் கல் பாவிய சந்துகள் வழியாக இறங்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் கட்டிய சேன்-எத்தியேன் பாலத்தையும் தாண்டவேண்டும். தூறல் விழுந்து கல் வழுக்கும். என் வயதுக்காரர்களுக்கு இடுப்பெலும்பு ஒன்றுதான் இருக்கிறது. டாக்ஸிக்குக் கொடுக்கும் காசு ஓய்வூதியத்தில் இடிக்கிறது. எங்கள் வரிசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்த ஒரு அம்மா இந்தப் பருவத்தில் சந்தாவையே விட்டுவிட்டார். "முடிவு தெரியாத ஆட்டத்துக்கு எதுக்குக் காசு?" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

5. தகவல் மையத்தில் ஒரு தம்பி, "மறுநாள் போனில் பார்த்துக்கொள்ளலாமே" என்று யோசனை சொன்னார். நல்ல பிள்ளை. அவர் மேல் கோபமில்லை.

6. இந்த கிளப் சாதாரணமாக முடிந்துபோன கிளப் அல்ல. 2000ஆம் ஆண்டு பிரெஞ்சு சாம்பியன் பட்டம், பிரெஞ்சுக் கோப்பை, கோராச் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. அதே கோடையில் பணக் கணக்கு சரியில்லை என்று இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. மூன்று கோப்பையோடு கீழே போன அணி வேறு எங்காவது உண்டா? 2004இல் அதைவிட மோசம், கடன் முற்றி மூன்றாம் நிலைக்குப் போய்விட்டது. அங்கிருந்து தூக்கி நிறுத்தத் தலைவராக வந்தவர் யார்? பந்தைப் பறித்த அதே ஃபோர்த். 2010இல் மேலே, 2011இல் மறுபடி கீழே, 2012இல் திரும்பவும் மேலே. 2014, 2015 இரண்டு ஆண்டும் ஸ்த்ராஸ்பூரை வென்று பிரெஞ்சு சாம்பியன். 2017இன் கடைசி நாளில் ஃபோர்த் காலமானார், வயது 47. செத்தது செத்தது என்று ஊரே கைவிட்ட கிளப்பை அவர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் நிலை லீக்கில் ஆடியபோதும் நாங்கள் போப்ளானுக்கு வந்தோம். அப்போதெல்லாம் கூடவே இருந்துவிட்டு, இப்போது ஒரு பேருந்துக்காக ஆட்டத்தின் நடுவே எழுந்து ஓட வேண்டியிருக்கிறதே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

7. செலவாகும் என்பீர்கள். ஆகாது. புதிய பேருந்து கேட்கவில்லை, இருக்கிற அதே வண்டிதான். தினமும் வேண்டாம், உள்ளூர் ஆட்டம் உள்ள இரவுகளில் மட்டும். பருவம் தொடங்கும் முன்பே ஆட்ட அட்டவணை வெளியாகிவிடுகிறது, இடையில் தேதி மாறினாலும் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். இப்போது அந்த வண்டி பாதி காலியாகத்தான் இறங்குகிறது. ஏன் காலி என்று யாராவது யோசித்தார்களா?

8. வேறு ஒன்றும் கேட்கவில்லை. மேலே பொருளில் சொன்னதேதான். ஆட்டம் முடிந்தபின் வண்டியை எடுங்கள். அரை மணி நேரம். அரை மணி நேரம்தான் ஐயா!

ஆகவே, எங்கள் நிலையைக் கருணையுடன் பரிசீலித்து, அடுத்த உள்ளூர் ஆட்டத்திலிருந்தே மேற்படி கடைசிப் பேருந்து ஆட்டம் முடிந்து அரை மணி கழித்துப் புறப்பட ஆவன செய்யுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இயலாது என்றால் இயலாது என்றாவது ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்வரிசைச் சந்தாதாரர்கள் சார்பில்.

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், இந்தப் பருவத்தின் உள்ளூர் ஆட்டங்களின் அட்டவணை.

பி.கு.: ஆட்டம் சமநிலையில் முடிந்தால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆடுவார்கள், அதுவும் சமன் என்றால் இன்னொரு ஐந்து நிமிடம். ஆகவே உத்தரவில் மணிக் கணக்கு எழுதாமல் "ஆட்டம் முடிந்தபின்" என்றே எழுதும்படி வேண்டுகிறேன்.