வரி ஆலோசகர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது; அதில் இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்) சேர அரை மணி காத்திருந்தோம். ரத்ததான முகாம், ஆயுத பூஜை வழக்கம்போல்.

ஈரோட்டில் நடந்த நமது மூன்று நாள் வரி ஆலோசகர் மாநாட்டில் நிகழ்ச்சி நிரல் குழம்பியதற்குச் சிலர் செயலாளரான என்னைக் கைகாட்டுவதால், அதைக் கொஞ்சம் விவரமாகவே பதிகிறேன். 18, 19, 20 தேதிகளைச் செயற்குழுதான் முடிவு செய்தது. 20 ஜிஎஸ்டி 3பி என்ற மாதக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் என்ற என் ஆட்சேபம் மினிட்ஸில் இருக்கிறது. மூன்றாம் நாள் பாதி நாற்காலி காலி. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி ஏழு லேப்டாப், "ஓடிபி வந்துச்சுங்களா?" என்ற குரல் மேடைவரை கேட்டது.

இரண்டாம் நாள் வேறு கூத்து. சேரன் எக்ஸ்பிரஸில் விடியுமுன் வந்திறங்க வேண்டிய பேச்சாளர், கோவை எக்ஸ்பிரஸில் வருவதாக முந்தின இரவு 10 மணிக்குமேல் சொன்னார். அது ஈரோடு சேர பகல் 12 ஆகிவிடும். 9.30 அமர்வுக்கு அடுத்த பேச்சாளரை மேடை ஏற்றினோம். அவர் 25 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். இரண்டு அரங்கும் முன்பின்னாக முடிய வேண்டும் என்று போட்ட கணக்கு போய், பந்திக்கு எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். பந்திக்கு 150 இலை, 40 நிமிடம், நடுவில் மேஜை துடைக்க 15. இரண்டாம் பந்தி எழ 2.30, 2 மணி அமர்வு ரத்து. பையில் இருந்த அச்சு நிரல் ஒரு நேரம் சொன்னது, வாசல் போர்டு ஒன்று, வாட்ஸ்அப் இன்னொன்று.

இனி நிரலைப் பத்து நாள் முன்பே பூட்டிவிட வேண்டும். அதன்பின் பேச்சாளர் வராவிட்டால் அந்த நேரம் கேள்வி-பதிலுக்கு. மற்ற அமர்வுகளைத் தொடக் கூடாது. ஒவ்வொரு தாளிலும் திருத்த எண்ணும் நேரமும் வேண்டும். பழையதைக் கிழித்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும். மாற்றம் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கே. அவரும் முதலில் சமையல்காரரிடம்தான் சொல்ல வேண்டும்.

கல்யாணம் குறைந்த மாதங்களில் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் ஆடியில் ஜூலை 31 வருமான வரிக் கணக்கு, புரட்டாசியில் செப்டம்பர் 30 தணிக்கை அறிக்கை, மார்கழியில் டிசம்பர் 31 ஜிஎஸ்டி ஆண்டுப் படிவம். மிஞ்சுவது ஜூன் 24-க்கு மேல்தான். முன்கூட்டிய வரித் தவணையும் 15-ஆம் தேதியோடு முடிந்திருக்கும். ஆனி முகூர்த்தத்தோடு போட்டி என்பதால் ஆறு மாதம் முன்பே அட்வான்ஸ் கட்டியாக வேண்டும்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். பந்தல்காரருக்குச் சிறு பாக்கி. வாடிக்கையாளருக்குக் கெடு தேதியை நாலு முறை நினைவூட்டும் நம்மில் பலர், சங்கச் சந்தாவை இரண்டு ஆண்டாக மறந்திருக்கிறோம்.

ஒத்துழைத்த அனைவருக்கும், இன்று வராதவர்களுக்கும், நன்றி. பாக்கிச் சந்தா வந்தாலே மண்டப அட்வான்ஸுக்குப் போதும். ரசீது புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது.